டிரான்ஸ்போர்ட் டைக்கூன்: ஒரு கணினி விளையாட்டின் வரலாறு

டிரான்ஸ்போர்ட் டைக்கூன் என்பது போக்குவரத்து நிறுவனம் ஒன்றைத் தொடங்கி வளர்க்கும் கணினி விளையாட்டு ஆகும். இது 1994ஆம் ஆண்டு டாஸ் இயங்குதளத்திற்காக வெளியிடப்பட்டது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் இதனை வடிவமைத்து, நிரலையும் தாமே எழுதினார். வரைகலையை சைமன் ஃபாஸ்டரும் இசையை ஜான் புரூம்ஹாலும் உருவாக்கினர். வெளியிட்ட நிறுவனம் மைக்ரோபுரோஸ். பேருந்து, லாரி, ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றை வாங்கி ஓட்டி, பயணிகளையும் சரக்குகளையும் ஏற்றிச்சென்று பணம் ஈட்டுவதே ஆட்டத்தின் நோக்கம்.

டைக்கூன் என்ற சொல் ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. ஜப்பானை ஆண்ட ஷோகன்களை வெளிநாட்டவரிடம் குறிப்பிடப் பயன்பட்ட ‘தைக்குன்’ என்ற பட்டம், அமெரிக்காவில் பெருந்தொழிலதிபரைக் குறிக்கும் சொல்லாக மாறியது. 1990களில் அது ஒரு விளையாட்டு வகையின் பெயராகவே ஆகிவிட்டது.

இவ்விளையாட்டு வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் உலகின் பல நாடுகளில் ஆடப்படுகிறது. ஆனால் இன்று பெரும்பாலோர் ஆடுவது சாயர் எழுதிய நிரலை அன்று. அந்த நிரலைப் பிரித்துப் பார்த்து, அதன் விதிகளை ஒவ்வொன்றாக அறிந்து, பிறர் புதிதாக எழுதிய ஒரு நிரலை. ஒருவர் தனியாகக் கட்டிய வீடு, அவர் குடிபெயர்ந்த பிறகு ஊர்ச் சத்திரமாக ஆனதைப் போன்ற கதை இது. சத்திரத்தின் பட்டா யார் பெயரில் உள்ளது என்ற கேள்வியும் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

பின்னணி

கிறிஸ் சாயர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலும் நுண்செயலி அமைப்புகளும் பயின்றவர். 1980களில் மெமோடெக், ஆம்ஸ்ட்ராட் போன்ற வீட்டுக் கணினிகளுக்குச் சிறு விளையாட்டுகளை எழுதினார். அதன்பின் அவருடைய முதன்மைத் தொழில், அமிகா கணினிக்காகப் பிறர் எழுதிய விளையாட்டுகளை ஐபிஎம் வகைக் கணினிகளுக்கு மாற்றித் தருவதாக இருந்தது. டேவிட் பிரேபன் உருவாக்கிய ஃபிராண்டியர்: எலைட் 2 என்ற விண்வெளி விளையாட்டை 1993இல் அவ்வாறு மாற்றியவர் அவரே.

பிறர் நிரலை வேறு கணினிக்கு மாற்றுவது புகழ் தராத வேலை. ஆனால் ஒரு நுண்செயலியின் வேகத்தைக் கடைசித் துளி வரை பிழிந்தெடுக்கும் கலையை அது கற்றுத்தரும். சாயர் அசெம்பிளி மொழியில் எழுதினார். சி போன்ற மொழிகளில் எழுதும்போது, மனிதர் படிக்கக்கூடிய கட்டளைகளை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் வேலையைத் தொகுப்பி என்னும் மென்பொருள் செய்துவிடும். அசெம்பிளியில் அந்த இடைத்தரகர் இல்லை. எந்த எண்ணை நுண்செயலியின் எந்தப் பதிவகத்தில் வைப்பது, எதை எதனுடன் கூட்டுவது என்பதை எல்லாம் நிரலாளரே ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும். நிரல் சிறியதாகவும் விரைவாகவும் இருக்கும். ஆனால் வேறு வகை நுண்செயலியில் அது ஓடாது. எழுதியவரைத் தவிரப் பிறர் அதைத் திருத்துவதும் கடினம். டிரான்ஸ்போர்ட் டைக்கூனின் பிற்கால வரலாறு முழுவதையும் தீர்மானித்தது இந்த ஒரு தேர்வுதான்.

சாயருக்கு முன்மாதிரிகள் இருந்தன. வில் ரைட் உருவாக்கிய சிம்சிட்டி 1989இல் வெளிவந்து, எதிரியைச் சுடாமலும் ஒரு கணினி விளையாட்டு விற்பனையாகும் என்று காட்டியது. மறு ஆண்டு சிட் மையரின் ரெயில்ரோட் டைக்கூன் வந்தது. அதை வெளியிட்டதும் மைக்ரோபுரோஸ் நிறுவனமே. ஜப்பானில் ஆர்ட்டிங்க் நிறுவனத்தின் ஏ-டிரெயின் வரிசை 1985 முதலே இருந்தது. சாயர் பெரிதும் விரும்பியது ரெயில்ரோட் டைக்கூனை. ஆனால் அதில் உலகம் மேலிருந்து பார்க்கும் தட்டையான வரைபடமாக இருந்தது. சாயர் சாய்கோணப் பார்வையைக் கொண்டுவந்தார். மேடு, பள்ளம், பாலம், குகை, வீடு, மரம் எல்லாம் ஒரு மேசைமீது வைத்த பொம்மை ரயில் அமைப்பைப் போலத் தெரிந்தன. முப்பரிமாண வரைகலை அட்டைகள் வீடுகளுக்கு வராத காலம் அது. முன்கூட்டியே வரையப்பட்ட சிறு சிறு படங்களை அடுக்கி ஆழம் இருப்பதாகத் தோன்றச் செய்ததுதான் ஃபாஸ்டர், சாயர் இருவரின் திறமை.

ஆட்டத்தின் விதிகள்

ஆட்டம் 1930ஆம் ஆண்டில் தொடங்கும். கையில் இருக்கும் பணம் கடன் பணம். கண்முன் இருப்பது சதுரக் கட்டங்களால் ஆன ஒரு நிலப்பரப்பு. ஒரு பக்கத்திற்கு 256 கட்டங்கள். அதில் சில ஊர்கள், சில சுரங்கங்கள், சில ஆலைகள். ஆட்டத்தின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் ஏறக்குறைய இரண்டு நொடி. எனவே நூறு ஆண்டு வரலாற்றை ஆடி முடிக்க ஏறத்தாழ இருபது மணிநேரம் ஆகும். ஆடுபவருடன் கணினி நடத்தும் போட்டி நிறுவனங்கள் ஏழு வரை இருக்கலாம்.

சரக்குகள் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்தவை. நிலக்கரி சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்திற்குப் போகும். அதோடு அதன் கதை முடிந்தது. இரும்புத்தாது உருக்காலைக்குப் போய் எஃகாகும். எஃகும், பண்ணையிலிருந்து வரும் தானியமும் கால்நடையும் தொழிற்சாலைக்குப் போய்ப் பண்டங்களாகும். பண்டங்கள் ஊர்களுக்குச் செல்லும். காட்டு மரம் அறுவை ஆலைக்கும், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் போகும். பள்ளிப் பாடநூலில் ‘மூலப்பொருள் தொழில்கள்’ என்று நாம் படிப்பதை இங்கு லாரியிலும் ரயிலிலும் ஏற்றிப் பார்க்கலாம்.

கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. சரக்கின் அளவு, சரக்கின் வகை, கடந்த தூரம், ஆன காலம் ஆகிய நான்கும் சேர்ந்தே வருமானம். தூரம் என்பது வண்டி ஓடிய தூரம் அன்று. ஏற்றிய நிலையத்திற்கும் இறக்கிய நிலையத்திற்கும் இடையே ஒரு திசையில் எத்தனை கட்டம், குறுக்குத் திசையில் எத்தனை கட்டம் என்று எண்ணிக் கூட்டினால் வருவது. மலையைச் சுற்றிப் பாதை போட்டால் சுற்றிய தூரத்திற்குக் கூலி கிடையாது. ஆன நேரத்திற்கான வெட்டு மட்டும் உண்டு.

காலத்தின் பிடி எல்லாச் சரக்குக்கும் ஒன்றாக இல்லை. நிலக்கரி பொறுமையானது, மெதுவாகப் போனாலும் கூலி அதிகம் குறையாது. பயணிகளும் வங்கிப் பணமும் அப்படியல்ல. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வருமானம் தேயும்.

தொலைவான ஊர்களை இணைப்பதே லாபம் என்று ஆடுபவர் விரைவில் கண்டுகொள்வார். ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு ரயில் சரக்கை ஏற்றி இறக்கப் பத்து நாள் நிற்கிறது என்று கொள்வோம்; ஒரு நாளில் நான்கு கட்டம் ஓடும். இருபது கட்டத் தொலைவு என்றால் போக ஐந்து நாள், வர ஐந்து நாள், நின்ற பத்து நாள், ஆக இருபது நாளுக்கு இருபது கட்டத்தின் கூலி. நூறு கட்டத் தொலைவு என்றால் போகவர ஐம்பது நாள், நின்றது அதே பத்து நாள், ஆக அறுபது நாளுக்கு நூறு கட்டத்தின் கூலி. முதலாவதில் நாளுக்கு ஒரு கட்டம். இரண்டாவதில் நாளுக்கு ஒன்றே முக்கால் கட்டத்தை நெருங்குகிறது. ஓடும் வண்டி சம்பாதிக்கிறது, நிற்கும் வண்டி சாப்பிடுகிறது. லாரி வைத்துத் தொழில் செய்யும் எவருக்கும் இது தெரிந்த செய்திதான். தொலைவு இன்னும் கூடினால் காலத்தின் வெட்டு வந்து அந்த லாபத்தைத் தின்னத் தொடங்கும். அந்த எல்லை எங்கே என்பது சரக்குக்குச் சரக்கு, வண்டிக்கு வண்டி மாறும். வேகமான எஞ்சின் ஒன்று புதிதாக வரும்போது எல்லை நகரும். முப்பது ஆண்டுகளாக ஆட்டம் சலிக்காமல் இருப்பதற்கு இந்த நகரும் எல்லையே பெரிய காரணம்.

நிலையங்களுக்கு மதிப்பெண் உண்டு. வண்டி அடிக்கடி வருகிறதா, வேகமானதா, பழையதா, நடைமேடையில் சரக்கு தேங்கிக் கிடக்கிறதா என்பவற்றைப் பார்த்து விழுக்காட்டில் மதிப்பிடப்படும். மதிப்பெண் 60 விழுக்காடு என்றால், சுரங்கம் தோண்டியதில் அந்தப் பங்குதான் நிலையத்திற்கு வரும். நல்ல சேவை கிடைக்கும் சுரங்கம் வளர்வதற்கும், கவனிப்பாரற்ற சுரங்கம் சுருங்கி மூடப்படுவதற்கும் வாய்ப்பு அதிகம்.

ஊர் நகராட்சிகளும் கணக்கு வைத்திருக்கும். மரங்களை வெட்டினாலும் வீடுகளை இடித்தாலும் அவை கோபம்கொண்டு, அடுத்த நிலையத்திற்கு அனுமதி மறுக்கும். மரம் நட்டால் கோபம் தணியும். லஞ்சம் கொடுக்கவும் வழி உண்டு. பிடிபட்டால் அந்த ஊரில் நிறுவனத்தின் பெயர் அடியோடு கெடும். நிறுவன உரிமையாளருக்கு ஊர் நடுவே சிலை வைத்தால் நிலையத்தின் மதிப்பெண் உயரும் என்பதும் விதிகளில் ஒன்று. இதைச் சாயர் கேலியாக வைத்தாரா, மெய்யாகவே வைத்தாரா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

இவற்றோடு விபத்துகளும் வரும். லெவல் கிராசிங்கில் பழுதாகி நின்ற பேருந்தை ரயில் மோதினால் பேருந்து நொறுங்கும். ஆகாயக்கப்பல் விமான நிலையத்தில் விழும். வேற்றுக்கிரகப் பறக்கும் தட்டுகூட வரும்.

ஆட்டத்திற்குள் இருக்கும் வரலாறு

ஆண்டுகள் செல்லச் செல்ல நீராவி எஞ்சின்கள் போய் டீசல் வரும். பின் மின்ரயில், ஒற்றைத் தண்டவாள ரயில், காந்த மிதவை ரயில். வண்டிகளின் பெயர்கள் திரிக்கப்பட்டிருந்தாலும் அடையாளம் தெரியாமல் போகாது. ‘கின்ஸு ஏ4’ என்ற நீராவி எஞ்சின், நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 வகையைச் சுட்டுகிறது. அந்த வகையைச் சேர்ந்த மல்லார்ட் என்ற எஞ்சின்தான் 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி நீராவி ரயில்களின் உலகச் சாதனையை நிறுவியது. ‘ஹெரஃபோர்ட் லெப்பர்டு’ என்ற பேருந்தின் பின்னே இருப்பது பிரிட்டனின் லேலண்ட் லெப்பர்டு. எண்ணூரில் தயாராகும் அசோக் லேலண்ட் வண்டிகள் வழியாகத் தமிழ்நாட்டுச் சாலைகளில் பழகிய அதே லேலண்ட் என்ற பெயர்தான் அது.

ஆக, ஆட்டத்தின் தொடக்க உலகம் பிரித்தானிய உலகம். ஆனால் பிரித்தானியப் போக்குவரத்து வரலாற்றில் முக்கியமானவை பலவும் அதில் இல்லை. 1948இல் அங்கு ரயில்வே நாட்டுடைமை ஆக்கப்பட்டது. 1963இல் ரிச்சர்ட் பீச்சிங் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதைகளும் ஆயிரக்கணக்கான நிலையங்களும் மூடப்பட்டன. ஆட்டத்தில் நாட்டுடைமையும் கிடையாது, மூடச் சொல்லி அறிக்கையும் கிடையாது. ஓட்டுநர் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, உலகப்போர் இல்லை. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் நேராது. அரசு என்று ஒன்று இருப்பது மானியம் அறிவிக்கும்போது மட்டுமே தெரியும்: இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் முதலில் சேவை தொடங்குபவருக்கு ஓராண்டுக்குக் கூடுதல் கூலி.

ஆட்டம் கடைக்கு வந்த 1994ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் அரசின் ரயில்வே துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டுத் தனியாருக்குப் போகத் தொடங்கியது. இது தற்செயல்தான். ஆனாலும், தனி முதலாளி ஒருவர் கடன் வாங்கித் தண்டவாளம் போட்டு நாட்டையே இணைப்பதாகக் கற்பனை செய்யும் ஆட்டம் எந்தக் காலத்து மனநிலையில் பிறந்தது என்பதை அந்த ஆண்டு நினைவூட்டுகிறது.

டீலக்ஸ் பதிப்பு

1995இல் டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ் வந்தது. இதில் காலம் 1950 முதல் 2050 வரை. பனிப்பகுதி, வெப்பப்பகுதி, பொம்மை உலகம் என மூன்று புதிய நிலப்பரப்புகள் சேர்ந்தன. வெப்பப்பகுதியில் பாலைவன ஊர்களுக்கு உணவும் நீரும் கொண்டுபோனால்தான் அவை வளரும்.

ஆடுபவர்களுக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது ஒரு சிறிய மாற்றம். மூல விளையாட்டில் சிக்னல்கள் இருதிசையிலும் வண்டிகளை விட்டன. எதிரெதிரே வரும் இரு ரயில்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடுவது வாடிக்கை. டீலக்ஸில் ஒருதிசைச் சிக்னல் வந்தது. ஒரு தண்டவாளம் போக, ஒன்று வர என்ற இரட்டைப் பாதை அதனால் சாத்தியமாயிற்று. இரட்டைப் பாதை வந்ததும் ஒரே வழியில் ஐம்பது ரயில்களை ஓட்டலாம். ஐம்பது ரயில்கள் ஓடினால் சந்திப்புகளை வடிவமைக்க வேண்டும். பணம் சேர்க்கும் ஆட்டமாகத் தொடங்கியது, நெரிசலைத் தீர்க்கும் ஆட்டமாக மாறியது அங்கேதான்.

குறைகளும் இருந்தன. கணினி நடத்திய போட்டி நிறுவனங்கள் மலைகளைக் காரணமின்றிச் சமன்செய்து, பாம்பு ஊர்ந்ததுபோல் பாதைகளைப் போட்டன. அவற்றைக் கண்டு சிரிக்காத ஆட்டக்காரர் இல்லை. பலர் போட்டியாளரே வேண்டாம் என்று தனியாக ஆடினர்.

சாயர் விலகிச் சென்றது

டீலக்ஸுக்குப் பின் சாயர் அடுத்த போக்குவரத்து விளையாட்டைத் தொடங்கினார். ஆனால் இடையில் ரோலர் கோஸ்டர்கள் மீது அவருக்குப் பெரும் ஈடுபாடு ஏற்பட்டது. விளைவாக 1999இல் வெளிவந்தது ரோலர்கோஸ்டர் டைக்கூன். அதிலும் ஏறத்தாழ 99 விழுக்காடு நிரல் அசெம்பிளியில் எழுதப்பட்டது. விற்பனையில் அது டிரான்ஸ்போர்ட் டைக்கூனை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது.

இதற்கிடையே மைக்ரோபுரோஸ் 1998இல் ஹாஸ்ப்ரோ இன்டராக்டிவ் கைக்கும், அது 2001இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் கைக்கும் போயிற்று. இன்ஃபோகிராம்ஸ் பின்னர் அட்டாரி என்ற பெயரைச் சூடிக்கொண்டது. கடைகளில் டீலக்ஸ் கிடைப்பது அரிதாயிற்று. கணினிகளும் மாறின. டாஸுக்காக எழுதப்பட்ட நிரல், புதிய விண்டோஸ் பதிப்புகளில் ஓட மறுத்தது. வேறொரு மொழியில் எழுதப்பட்டிருந்தால் மீண்டும் தொகுத்துப் புதிய கணினிக்குக் கொண்டுவருவது ஓரளவு எளிது. அசெம்பிளியில் எழுதியதை அப்படிக் கொண்டுவர முடியாது. விற்பவர் இல்லை, திருத்துபவர் இல்லை, உரிமை மட்டும் இருந்தது.

ஒட்டுப்போட்டுக் காப்பாற்றியவர்கள்

முதலில் கைவைத்தவர் ஜோசஃப் டிரெக்ஸ்லர். 1990களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய டிடிடி பேட்ச் ஒரு வினோதமான மென்பொருள். மூல நிரலின் கோப்பை அது விநியோகிக்கவில்லை. ஆடுபவர் தம்மிடம் உள்ள டீலக்ஸை இயக்கும்போது, நினைவகத்தில் ஏறிய இயந்திரக் கட்டளைகளை ஆங்காங்கே மாற்றிவிடும். பறக்கும் விமானத்தில் எஞ்சினைக் கழற்றி மாட்டுவது போன்ற வேலை.

இதன்மூலம் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொண்ட ரயில்கள், பெரிய நிலையங்கள், புதுவகைச் சிக்னல்கள் எல்லாம் வந்தன. நியூஜிஆர்எஃப் என்ற கோப்பு முறையும் இதில்தான் பிறந்தது. நிரல் தெரியாதவர்களும் தங்கள் நாட்டு வண்டிகளை வரைந்து ஆட்டத்தில் சேர்க்க அது வழிசெய்தது. ஜெர்மானிய, பிரித்தானிய, ஜப்பானிய ரயில் தொகுப்புகள் தோன்றின. ஆயினும் அடியில் ஓடுவது அதே பழைய நிரல் என்பதால் 256 கட்ட உலகத்தைப் பெரிதாக்க முடியவில்லை.

ஓப்பன்டிடிடி

சுவீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகியஸ் வேறு வழியில் சென்றார். பழைய சாகச விளையாட்டுகளைப் புதிய கணினிகளில் ஓடவைக்கும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். டீலக்ஸின் இயந்திரக் கட்டளைகளைப் பிரித்து வாசித்து, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று அறிந்து, அதை சி மொழியில் திரும்ப எழுதினார். 2004 மார்ச் 6 அன்று ஓப்பன்டிடிடி என்ற பெயரில் அது வெளியானது. மூலநிரல் குனு பொதுமக்கள் உரிமத்தின்கீழ் எல்லோருக்கும் திறந்துவைக்கப்பட்டது. ஸ்ட்ரிகியஸ் அதில் நெடுநாள் நிற்கவில்லை. மியூடோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எழுதினார். பின் ஸ்பாட்டிஃபையின் தொடக்க கால நிரலாளர்களில் ஒருவரானார். விளையாட்டைத் தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டனர்.

அதே 2004ஆம் ஆண்டு செப்டம்பரில், சாயரின் சொந்தத் தொடர்ச்சியான லோகோமோஷன் அட்டாரி வழியாக வெளிவந்தது. முன்னோடியைப் படைத்தவரே எழுதியது. டிராம் வண்டிகளும், சீராக வளையும் தண்டவாளங்களும் அதில் இருந்தன. ஆனால் முப்பரிமாணம் வந்துவிட்ட காலத்தில் அது பழையதாகத் தோன்றியது. விமர்சனங்கள் உற்சாகமாக இல்லை. ஒரே ஆண்டில் வந்த இரண்டில், முகம் தெரியாதவர்கள் பலர் சேர்ந்து பேணிய நகல் நிலைத்தது. ஆசிரியரின் சொந்தப் பிள்ளை பின்தங்கியது. இது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் லோகோமோஷன் மூடிய பெட்டியாக வந்தது. ஓப்பன்டிடிடியில் எரிச்சலூட்டும் ஒன்றை ஆட்டக்காரர் கண்டால், நிரல் தெரிந்தால் அவரே திருத்தி அனுப்பலாம். அந்த வேறுபாட்டின் விளைவு பத்து ஆண்டுகளில் வெளிப்படையாகத் தெரிந்தது.

உலகத்தின் அளவு ஒரு பக்கத்திற்கு 4096 கட்டம் வரை விரிந்தது. இணையம் வழியாகப் பலர் ஒரே உலகில் ஆடலாம் என்றாயிற்று. 15 நிறுவனங்கள் வரை போட்டியிடலாம். 2009இல், கணினிப் போட்டியாளரை ஆட்டக்காரர்களே ஸ்குவிரல் என்ற எளிய மொழியில் எழுதும் வசதி வந்தது. முன்பு சிரிப்புக்கிடமான போட்டி நிறுவனங்கள் இப்போது ஆளுக்கொரு புத்தியுடன் வந்தன. சிலர் சிக்னல்களையும் ரயில்களையும் கொண்டு தர்க்கச் சுற்றுகளைக் கட்டினர்: ஒரு தண்டவாளத்தில் வண்டி நின்றால் ஒன்று, நிற்காவிட்டால் சுழியம். கணினிக்குள் ஓடும் ரயில்கள், மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டின. பயன் ஒன்றுமில்லை, ஆனால் பார்க்கப் பரவசமானது.

படங்கள் யாருடையவை?

ஓப்பன்டிடிடியின் நிரல் புதிது. படங்களும் ஒலிகளும் பழையவை. 2004 முதல் சில ஆண்டுகள் இதை ஆட வேண்டுமானால், டீலக்ஸ் குறுந்தகட்டிலிருந்து வரைகலைக் கோப்புகளை எடுத்து வைக்க வேண்டும். குறுந்தகடோ கடைகளில் இல்லை. உரிமையாளர் கைவிட்டதாகக் கருதப்படும் மென்பொருள்களைப் பதுக்கி வழங்கும் இணையதளங்களிலிருந்து பலர் எடுத்துக்கொண்டனர். அது சட்டப்படி சரியன்று. ஒரு படைப்பு விற்பனையில் இல்லை என்பதால் அதன் பதிப்புரிமை தீர்ந்துவிடுவதில்லை.

நிரலைப் பிரித்துப் படித்ததும் சிக்கலற்ற செயல் எனக் கூற முடியாது. ஐரோப்பாவில் 1991ஆம் ஆண்டின் மென்பொருள் நெறிமுறை, ஒரு நிரலைப் பிறிதொரு நிரலோடு இணைந்து இயங்கவைப்பதற்காகப் பிரித்தறிய அனுமதிக்கிறது. அதே வேலையைச் செய்யும் மாற்று நிரலை எழுத அந்த அனுமதி நீளுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விளையாட்டின் விதிகள் யாருக்கும் சொந்தமல்ல. அவற்றை வெளிப்படுத்திய நிரலும் படமும் சொந்தமானவை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கோட்டின்மீதுதான் ஓப்பன்டிடிடி நின்றது.

தன்னார்வலர்கள் நிரலை விட்டுவிட்டுப் படங்களின் பக்கம் திரும்பினர். ஒவ்வொரு வீடு, மரம், பாலம், பெட்டி, புகைக்கும் படத்தைப் புதிதாக வரைந்தனர். ஒரு ரயில்பெட்டியை எட்டுத் திசையிலும் வரைய வேண்டும் என்றால் வேலையின் அளவை ஊகிக்கலாம். இந்தப் படத்தொகுப்பு ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் எனப்பட்டது. ஒலிகளுக்கு ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ், இசைக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ். 2010 ஏப்ரல் 1 அன்று 1.0 பதிப்பு வந்தபோது, மூல விளையாட்டின் ஒரு கோப்பும் இல்லாமல் ஆட முடிந்தது. அந்நாளின் ராசியால் அதை முட்டாள்கள் தின விளையாட்டு என்று எண்ணியவர்களும் இருந்திருப்பார்கள். ஃபாஸ்டரின் படங்களுக்கு இருந்த அழகு புதியவற்றுக்கு இல்லை என்பார் உண்டு. புரூம்ஹாலின் ஜாஸ் இசைக்காக மூலக்கோப்புகளையே வைத்திருப்பவரும் உண்டு.

2013இல் சாயரின் நிறுவனம் டிரான்ஸ்போர்ட் டைக்கூனைத் திறன்பேசிகளுக்குக் கொண்டுவந்தது. ஓப்பன்டிடிடி 2021 ஏப்ரலில் ஸ்டீம் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது.

பயணிக்கு ஓர் ஊர்

சாயரின் விதிகளில் ஒரு வினோதம் இருந்தது. நிலையத்தில் காத்திருக்கும் பயணிகளுக்குப் போகுமிடம் என்று ஒன்று கிடையாது. எந்த வண்டி வந்தாலும் ஏறுவார்கள். எங்கே இறக்கினாலும் கூலி கொடுப்பார்கள். நிலக்கரிக்கும் மனிதருக்கும் ஆட்டம் வேறுபாடு பார்க்கவில்லை. 1994ஆம் ஆண்டின் கணினிக்கு, ஆயிரக்கணக்கான பயணிகள் ஒவ்வொருவரும் எங்கே போகிறார்கள் என்று நினைவு வைத்திருப்பது பெருஞ்சுமையாக இருந்திருக்கும். ஆடுபவருக்கும் இது வசதி: இரண்டு பெரிய ஊர்களை இணைத்து விமானம் விட்டால் போதும், சிற்றூர்களைப் பற்றிக் கவலை இல்லை.

இருபது ஆண்டு கழித்து, 2014 ஏப்ரலில் வந்த ஓப்பன்டிடிடி 1.4 பதிப்பில் கார்கோடிஸ்ட் என்ற அமைப்பு சேர்ந்தது. விரும்புவோர் இதை இயக்கிக்கொள்ளலாம். இயக்கினால் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு சேருமிடம் உண்டு. அங்கே நேர் வண்டி இல்லை என்றால், நடுவில் இறங்கி மாறிப்போவார். இணைப்பு வண்டி போதவில்லை என்றால் சந்திப்பு நிலையத்தில் கூட்டம் குவியும். ஒரு மூலையில் ஒரு சிறு பேருந்து நிலையத்தை மூடினால், வேறு மூலையில் ஒரு ரயில் காலியாக ஓடும். லாபமில்லாத கிளைப்பாதைகள் முதன்மைப் பாதைகளுக்கு ஆளனுப்புகின்றன என்பது பீச்சிங் அறிக்கையை எதிர்த்தவர்கள் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. பழைய விதிகளில் அதைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை. புதிய விதிகளில் அது கண்முன் நடக்கிறது. இதனால் ஆட்டம் கடினமாயிற்று என்று பழைய முறைக்கே திரும்பியவர்களும் பலர்.

தமிழில்

ஓப்பன்டிடிடி பல மொழிகளில் கிடைக்கிறது. தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்புகளில் தமிழும் ஒன்று. இத்தகைய விளையாட்டைத் தமிழாக்குவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆட்டத்தின் வாக்கியங்கள் அச்சடித்த படிவத்தைப் போன்றவை. ஊர்ப்பெயருக்கு ஓர் ஓட்டை விடப்பட்டிருக்கும். ஆடும்போது நிரல் அதை நிரப்பும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே ஒரு சொல்லை வைத்தால் வேலை முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி, பெயரையே மாற்றும். மதுரை என்றால் மதுரையில். சேலம் என்றால் சேலத்தில். திருவாரூர் என்றால் திருவாரூரில். ஓட்டையில் என்ன பெயர் வரும் என்று மொழிபெயர்ப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. பின்னிஷ், போலிஷ் போன்ற மொழிகளுக்கும் இதே தொல்லை. எனவே வேற்றுமை வடிவங்களையும் பால் வேறுபாட்டையும் கையாளும் வசதி ஓப்பன்டிடிடியின் மொழிக்கோப்பு முறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆடுபவர் தாம் விரும்பிய பெயரை ஊருக்கு இடும்போது அந்த வசதியும் கைகொடுக்காது. அப்போது ‘நகரம்’, ‘நிலையம்’ போன்ற பொதுச்சொல்லைப் பெயரின் பின்னே சேர்த்து, உருபை அதன்மேல் ஏற்றி, சேலம் நகரத்தில், மதுரை நிலையத்திற்கு என்று எழுதுவதே எளிய வழி.